சாமான் ஏன் வந்து சேரவில்லை? நெய்வேலிச் சுரங்க வேலைக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நெய்வேலிச் சுரங்கத்தில் எல்லாமே ஒன்றோடொன்று கோத்து ஓடுகின்றன. பக்கெட் வீல் என்ற வாளிச்சக்கர இயந்திரம் மேல்மண்ணை வெட்டுகிறது, பெல்ட் அதைக் கொண்டுபோகிறது, நிலக்கரி எடுத்து முடிந்த குழியில் ஸ்ப்ரெடர் அதைக் கொட்டுகிறது. நடுவில் ஒரு டிரைவ் பேரிங் போனால் முன்னும் பின்னும் உள்ள அத்தனையும் நிற்கும். பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். அதைத் தூரத்துக்கு ஏற்றிப்போனால் கட்டுப்படியாகாது, அதிக நாள் குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். அதனால்தான் அனல்மின் நிலையங்கள் சுரங்கத்தை ஒட்டியே நிற்கின்றன. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு ஊற்றுநீர் வேறு இருக்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்க பம்புகள் இரவு பகலாக ஓடியாக வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு சாமான் தாமதமானால் அது ஸ்டோர்ஸோடு நிற்காது, மின்சாரம் வரை போகும். ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், பிளானிங், போக்குவரத்து என்று எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் இது உங்களுக்கு உதவும். சுரங்கத்துக்குச் சாமான் செய்து கொடுக்கும் கடலூர், புதுச்சேரிப் பட்டறைக்காரர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பத்துத் தேதிகள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதிலிருந்து தொடங்குங்கள். சிக்கல் தரும் சாமானின் கடைசி ஐந்து கொள்முதல்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள்: தேவை தெரிந்த நாள், இண்டென்ட் (வாங்கித் தரும்படி கேட்கும் கோரிக்கை) போட்ட நாள், ஒப்புதல் கிடைத்த நாள், ஆர்டர் போன நாள், சப்ளையர் தயார் என்று சொன்ன நாள், லாரி கிளம்பிய நாள், கேட்டுக்குள் நுழைந்த நாள், இன்ஸ்பெக்‌ஷன் முடிந்த நாள், ரேக்கில் ஏறிய நாள், இயந்திரத்தில் மாட்டிய நாள்.

கணினியில் லீட் டைம் என்று பதிந்திருப்பது பெரும்பாலும் ஆர்டர் போனதிலிருந்து கேட் வரையிலான காலம்தான். இயந்திரம் காத்திருப்பதோ முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் கீழே சொல்லப்போகும் சிக்கல்களில் பாதிக்கு மேல் ஒளிந்திருக்கின்றன. இந்தத் தாள் கையில் இல்லாமல் சப்ளையரை விரட்டுவதில் பயனில்லை. தாமதம் உங்கள் மேசையிலேயே நடந்திருந்தால் அவர் என்ன செய்ய முடியும்?

அறிகுறி: கணினியில் இருப்பு காட்டுகிறது, ரேக்கில் இல்லை

களவு போயிருக்குமோ என்று உடனே சந்தேகப்பட வேண்டாம். இந்த வரிசையில் பாருங்கள்.

கேட்டுக்குள் வந்த சாமான் இன்ஸ்பெக்‌ஷனுக்காகக் காத்திருக்கிறதா? சில அமைப்புகளில் ரசீது போட்டவுடனே இருப்பில் ஏறிவிடும், சரக்கு மட்டும் முற்றத்தில் கிடக்கும். அது இல்லையென்றால், நேற்றைய இரவு ஷிஃப்டில் சீட்டு எழுதாமல் அவசரத்துக்கு எடுத்துப்போனார்களா என்று கேளுங்கள். பிறகு அளவு அலகைப் பாருங்கள். பெல்ட்டை ஒருவர் மீட்டரிலும் இன்னொருவர் ரோலிலும் பதிந்திருப்பார். கடைசியாக, குழிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்டோரை ஒரு முறை போய்ப் பாருங்கள். கணக்கில் தீர்ந்துபோன ரோலர்கள் அங்கே அடுக்கியிருக்கும்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது இரட்டைக் குறியீடு. ஒரே பேரிங் இயந்திரத் தயாரிப்பாளரின் பாக எண்ணில் ஒரு முறையும், பேரிங் எண்ணில் இன்னொரு முறையும் பதிவாகியிருக்கும். ஒரு குறியீட்டில் பூஜ்யம் என்று அவசரக் கொள்முதல் நடக்கும்போது, இன்னொன்றில் நான்கு உருப்படிகள் தூசி படிந்து கிடக்கும். இரண்டையும் ஒன்றாக்க வேண்டும், ஆனால் எண்ணை மட்டும் பார்த்து ஒன்றாக்கக் கூடாது. 22330 என்ற எண் துளை 150 மில்லிமீட்டர் என்பதைச் சொல்லும். அதன் பின்னால் சி3 இருந்தால் உள் தளர்வு வழக்கத்தைவிடக் கூடுதல். கே இருந்தால் துளை சரிவானது, அதை ஸ்லீவ் வைத்து மாட்ட வேண்டும். நேர்த்துளை வேண்டிய ஷாஃப்ட்டுக்கு கே பேரிங் வந்தால் அந்த ஷிஃப்ட் முழுக்க வீண். பராமரிப்பு ஆள் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே குறியீடுகளை இணையுங்கள்.

அறிகுறி: ஒரே சாமான் திரும்பத் திரும்பத் தீர்ந்து போகிறது

பெல்ட்டுக்கு அடியில் சுழலும் ரோலர்கள், பக்கெட் பற்கள், பம்ப் சீல்கள். அடிக்கடி கேட்டு வருவது இவைதான். வழக்கமான பதில் “குறைந்தபட்ச இருப்பைக் கூட்டிவிடு”. அதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை, முறை பொதுவானது.

ஒரு வகை ரோலர் வாரத்துக்குச் சராசரியாக 40 செலவாகிறது. அந்தச் செலவின் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து அது ஆடும் அளவு, 12. சாமான் வர 9 வாரம் ஆகிறது. வருகை தப்பாமல் 9 வாரத்தில் நடந்தால், பாதுகாப்பு இருப்பைக் கண்டுபிடிக்க 12-ஐ 9-இன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும், அது 36. நூற்றுக்கு 95 தடவை தீராமல் இருக்க அதை 1.645 ஆல் பெருக்கினால் 59 வரும். வருகிற வரைக்குமான செலவு 360. ஆக இருப்பு 419-க்கு இறங்கும்போது ஆர்டர் போட வேண்டும்.

இப்போது உண்மை நிலைக்கு வருவோம். அந்த 9 வாரமும் ஆடுகிறது, சில சமயம் 6, சில சமயம் 12. அதன் திட்ட விலக்கம் 3 வாரம் என்று வையுங்கள். 9 வாரத்தை 12-இன் வர்க்கமான 144 ஆல் பெருக்கினால் ஒரு பகுதி, அதாவது 1,296. 40-இன் வர்க்கமான 1,600-ஐ 3-இன் வர்க்கமான 9 ஆல் பெருக்கினால் இன்னொரு பகுதி, அதாவது 14,400. கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 125, அதை 1.645 ஆல் பெருக்கினால் 206. ஆர்டர் போட வேண்டிய நிலை 419-லிருந்து 566-க்குத் தாவுகிறது.

அந்த இரண்டு பகுதிகளை இன்னொரு தடவை பாருங்கள். 1,296 குழியிலிருந்து வருவது. 14,400 தேதிகள் ஆடுவதால் வருவது. சுரங்கத்தில் எவ்வளவு தேய்கிறது என்பதைவிட, ஒப்புதலும் ஆர்டரும் லாரியும் எப்போது வரும் என்று தெரியாததுதான் இருப்பைத் தின்கிறது. அந்த 3 வார ஆட்டத்தை 1 வாரமாகக் குறைத்தால் பாதுகாப்பு இருப்பு 206-லிருந்து 90-க்குள் வந்துவிடும். அலமாரியில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோலர்களுக்கான பணம் மிச்சம்! இதற்கு விலை பேச வேண்டியதில்லை. பத்துத் தேதித் தாளில் எந்த இடைவெளி அதிகம் ஆடுகிறது என்று பார்த்து அதை மட்டும் பிடித்தால் போதும். அடிக்கடி தேவைப்படும் சாமானுக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாக டெண்டர் போடாமல், ஓர் ஆண்டுக்கோ இரண்டு ஆண்டுக்கோ விலையை உறுதிசெய்து ரேட் கான்ட்ராக்ட் வைத்துக்கொள்வது என் அனுபவத்தில் நல்ல பலன் தருகிறது. ஒப்புதல், டெண்டர் என்ற இரண்டு இடைவெளிகளும் அதில் ஒரேயடியாகக் குறைந்துவிடும்.

சராசரிக்கும் ஓர் எல்லை உண்டு. மேல்மண்ணில் கடலூர் மணற்கல் கெட்டியாக இருக்கும் இடத்தில் பக்கெட் பற்கள் வேகமாகத் தேயும். அதனால் சில இடங்களில் முதலில் துளையிட்டு வெடிவைத்துத் தளர்த்திவிட்டுத்தான் வெட்டுகிறார்கள். இளகிய மண்ணுக்கு இயந்திரம் நகர்ந்தால் செலவு குறையும். போன வருடச் சராசரி இதில் எதையும் சொல்லாது, அடுத்த மூன்று மாதத்தில் எந்த பெஞ்சை (படிபோல வெட்டும் மண் அடுக்கை) வெட்டப்போகிறார்கள் என்ற திட்டம் சொல்லும். மாதம் ஒருமுறை மைன் பிளானிங் ஆட்களோடு உட்கார்ந்து அந்த வரைபடத்தைப் பாருங்கள். ஸ்டோர்ஸ்காரர் குழிக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். 1400 லிட்டர் வாளி கொண்ட இயந்திரத்தின் பல் 700 லிட்டருக்குப் பொருந்தாது, 2400 மில்லிமீட்டர் அகல பெல்ட்டின் ரோலர் 2000-க்குப் பொருந்தாது. எந்த இயந்திரம் எங்கே போகிறது என்று தெரியாமல் மொத்தமாக “பற்கள்”, “ரோலர்கள்” என்று கணக்குப் போட்டால் அது தவறாகத்தான் வரும்.

அறிகுறி: பல வருடம் யாரும் கேட்காத சாமான், கேட்ட அன்று இல்லை

பெரிய கியர்பாக்ஸ், ஸ்லூ பேரிங் (இயந்திரத்தின் மேல்பகுதி சுழல்வதற்கான பெரிய பேரிங்), டிரைவ் புல்லி, டிரான்ஸ்ஃபார்மர். மேலே சொன்ன சூத்திரத்தை இவற்றுக்குப் போட்டால் வருகிற விடை பூஜ்யம். அதை நம்பக்கூடாது.

இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இது போனால் எத்தனை மணி நேரம் எது நிற்கும்? புதிது வாங்க எத்தனை மாதம்? பழையதைச் சரிசெய்ய முடியுமா? பக்கத்துச் சுரங்கத்தில் இதே இயந்திரம் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால், இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்று வைத்தால் போதும், ஆனால் யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கியர்பாக்ஸுக்குச் சுழற்சி முறை நல்லது: சரிசெய்த ஒன்று எப்போதும் தயாராக இருக்க, கழற்றியது அன்றே பட்டறைக்குப் போக வேண்டும். கழற்றியதை ஓரமாக வைத்துவிட்டு மறந்துபோவதுதான் அதிகம் நடக்கிறது. அதை இண்டென்ட்டுக்குச் சமமாக நினைத்து, கழற்றிய நாளிலேயே வேலை உத்தரவு போடுங்கள்.

வரைபடம் கையில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல பத்தாண்டுகள் ஓடிய இயந்திரத்துக்குத் தயாரிப்பாளரே அந்த மாடலை நிறுத்தியிருக்கலாம். அளவெடுத்து வரைந்து வைத்திருந்தால் இங்கேயே செய்து வாங்க வழியிருக்கும்.

அறிகுறி: ரேக்கில் இருந்தது, மாட்டினால் நிற்கவில்லை

வாங்கியதில் குறை இல்லை, வைத்திருந்ததில்தான். கடலூர் மாவட்டத்தின் கடல்காற்றும் ஈரப்பதமும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன.

பெல்ட் இணைப்புக்கான ரப்பர் ஷீட்டும் சிமென்ட் என்கிற ரப்பர் பசையும் மாதக்கணக்கில்தான் தாங்கும், அதுவும் குளிர்ச்சியான அறையில். இவற்றுக்கு, முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பதைவிட, முதலில் காலாவதியாவது முதலில் போக வேண்டும் என்ற முறையே சரி. பெல்ட் ரோலை வெயிலில் திறந்தபடி போடக்கூடாது. பேரிங்கைப் பெட்டியோடு படுக்கையாக வையுங்கள், பெட்டியைப் பிரித்துக் காட்டுவதற்காக எண்ணெய்த்தாளைக் கிழிக்க விடாதீர்கள். இருப்பில் இருக்கும் மோட்டார், கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டுகளை மாதம் ஒருமுறை கையால் சுற்றி வேறு நிலையில் நிறுத்துங்கள். இல்லையென்றால் ஓடாமலேயே பேரிங்கில் தழும்பு விழும். மோட்டாருக்கு மின்காப்பை அளக்கும் மெக்கர் வைத்துப் பார்த்து, வந்த அளவை அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். 7018 வெல்டிங் ராடு ஈரம் உறிஞ்சினால் வெல்டில் வெடிப்பு வரும். பெட்டி பிரிந்ததைத் தயாரிப்பாளர் சொல்லும் வெப்பத்தில், பெரும்பாலும் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல், அடுப்பில் காயவைத்தே கொடுக்க வேண்டும்.

அறிகுறி: கப்பலிலிருந்து இறங்கிவிட்டது, அல்லது லாரி கிளம்பிவிட்டது, இன்னும் வரவில்லை

இறக்குமதிச் சரக்கு துறைமுகத்தில் நின்றால் முதலில் தாள்களைப் பாருங்கள். கப்பல் வருகிற நாளுக்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்க அறிக்கை தாக்கல் ஆகியிருக்க வேண்டும் என்பது 2021 முதல் பொது விதி. தாமதத்துக்குக் கட்டணம் உண்டு. இன்வாய்ஸில் ஓர் எடை, பேக்கிங் லிஸ்ட்டில் வேறு எடை, சுங்கக் குறியீட்டில் கருத்து வேறுபாடு, மூல பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு) வங்கியிலேயே கிடப்பது, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். நகல்களைச் சரக்கு ஏறும் முன்பே வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தால், துறைமுகம் வாடகை கேட்காத இலவச நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது பதற வேண்டியதில்லை.

சாலையில் நின்றால் இ-வே பில்லை (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்சீட்டை) பாருங்கள். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும். சென்னைத் துறைமுகத்திலிருந்து நெய்வேலி ஏறத்தாழ அதே தூரம், ஒரு நாள் வரம்பின் விளிம்பிலேயே நிற்கிறது. அளவு மீறிய சரக்கு என்றால் 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள், ஆனால் பில் போடும்போது அந்த வகையைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். மறந்து சாதாரண வகையில் போட்டுவிட்டால், ட்ரெய்லர் பாதி வழி வருவதற்குள் பில் காலாவதி. காலாவதிக்கு முன் 8 மணி நேரமும் பின் 8 மணி நேரமும்தான் நீட்டிக்கும் அவகாசம். டிரைவரின் கைபேசியில் இந்த நேரத்தை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

புதுச்சேரி விஷயம் தனி. கடலூர்ப் பட்டறையிலிருந்து நெய்வேலிக்கு வரும் சரக்கு தமிழ்நாட்டுக்குள்ளேயே வருகிறது, அதற்கு இ-வே பில் வரம்பு 1 லட்சம் ரூபாய். புதுச்சேரி பட்டறையிலிருந்து வந்தால், தூரம் கொஞ்சம்தான் என்றாலும், அது மாநிலம் விட்டு மாநிலம். வரம்பு 50,000 ரூபாய். நீங்கள் ஒரு ஷாஃப்ட்டை ஜாப் ஒர்க்குக்காக (உங்கள் பொருளில் வேலை மட்டும் செய்து வாங்க) புதுச்சேரி லேத்துக்கு அனுப்பினால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் பில் வேண்டும். “பழைய இரும்புதானே, செலான் போதும்” என்று ஏற்றிவிட்டு எல்லையிலுள்ள முள்ளோடையில் வண்டி நிற்பது தவிர்க்கக்கூடிய தலைவலி. நீளமான சரக்குக்கு வழியையும் முன்கூட்டிப் போய்ப் பார்க்க வேண்டும், பண்ருட்டி வளைவுகளும் ஊருக்குள் தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளும் வரைபடத்தில் தெரியாது. தைப்பூசத்தையொட்டி வடலூர் வழியே பெரிய ட்ரெய்லரைத் திட்டமிட வேண்டாம்.

அறிகுறி: அக்டோபர் முதல் டிசம்பர் வரை எல்லாமே கெடுகிறது

வடகிழக்குப் பருவமழை இங்கே எதிர்பாராத விபத்து இல்லை, வருடா வருடம் நாட்காட்டியில் இருப்பது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. அதன் பின் தென்பெண்ணை பெருகி ஊர்களுக்குள் புகுந்தது, விழுப்புரம் பக்கம் அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே மூழ்கியது.

வடக்கிலிருந்து நெய்வேலிக்கு வரும் லாரி, பண்ருட்டி வழியாக வந்தாலும் கடற்கரைச் சாலையில் கடலூர் வழியாக வந்தாலும், தென்பெண்ணையையும் கெடிலத்தையும் தாண்டியே தீர வேண்டும். இரண்டு வழிகளும் ஒரே நேரத்தில் அடைபடலாம். அதனால் மாற்றுவழி அரசூரைத் தொடாமல் மேற்கிலிருந்து, உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம் பக்கமாக இருக்க வேண்டும். அதை மழைக்கு முன்பே டிரான்ஸ்போர்ட் ஒப்பந்தத்தில் எழுதி, கூடுதல் கிலோமீட்டருக்கான வாடகையையும் அப்போதே பேசி முடியுங்கள்.

அடுத்து பின்னோக்கி எண்ணுங்கள். பம்ப், கேபிள், ஸ்டார்ட்டர், குழாய், வால்வு, டீசல் எல்லாம் செப்டம்பர் கடைசிக்குள் உள்ளே இருக்க வேண்டும். பம்புக்கு முழு லீட் டைம் 20 வாரம் என்றால், தேவை மே நடுவிலேயே எழுத்தில் வந்திருக்க வேண்டும். வெயில் கொளுத்தும் மே மாதத்தில் வெள்ளத்துக்கான பம்பைப் பற்றிப் பேச யாருக்கும் தோன்றாது, அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஜூலையில் இண்டென்ட் போட்டு நவம்பரில் சப்ளையரைத் திட்டுவது நியாயமில்லை.

மழையில் ஈரக் களிமண், பெல்ட்டிலிருந்து மண் விழும் சரிவுவழியில் (chute) ஒட்டி அடைக்கும், சேறு புகுந்து ரோலர்கள் இறுகும். எனவே ரோலர் செலவுக்கு மழைக்காலத்துக்கென்று தனிச் சராசரி வையுங்கள். ஒரு டன் நிலக்கரிக்கு 5 கன மீட்டருக்கு மேல் மேல்மண் எடுக்க வேண்டியிருக்கும் இந்த இடத்தில், கோடையில் மேல்மண் வேலை பின்தங்கினால் மழையில் அதை ஈடுகட்டுவது மிகக் கடினம். ஆகவே ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரைதான் மேல்மண் இயந்திரங்களின் உதிரிபாகங்களுக்கு முன்னுரிமை. பெரிய ஷட்டவுன் வேலைகளை எப்போது வைப்பது என்பதையும் இதை ஒட்டியே முடிவுசெய்யுங்கள்.

அறிகுறி: நல்ல சப்ளையர்கள் விலைப்புள்ளி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்

விலை போட்டியில்லை, சந்தை மோசம் என்று சொல்வதற்கு முன் அவர்களுடைய கடைசி பில்களுக்குப் பணம் எப்போது போனது என்று பாருங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு, சரக்கு ஏற்கப்பட்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் சட்டம். தாண்டினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டுவட்டி. சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், வந்த நாளிலேயே ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். ஆகவே இன்ஸ்பெக்‌ஷன் தாமதம் பணத் தாமதத்துக்குச் சாக்காகாது.

நான்கு லேத் வைத்துக்கொண்டு எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கும் பட்டறைக்கு, நின்றுபோன ஒரு பில் அடுத்த மாதம் இரும்பு வாங்கப் பணமில்லை என்று ஆகிவிடும். அவர் அடுத்த ஆர்டரை எடுக்கமாட்டார், எடுத்தாலும் பணம் சீக்கிரம் கொடுப்பவரின் வேலையைத்தான் முதலில் செய்வார். உங்கள் 9 வாரம் 12 வாரமாவது இப்படித்தான். நல்ல பட்டறைகளை இழந்துவிட்டால் திரும்பச் சேர்ப்பது மிகச் சிரமம். அளவு விலகல் எவ்வளவு அனுமதி, எந்த எஃகு, கடினத்தன்மை எவ்வளவு என்று தெளிவாக எழுதிய வரைபடமும் கூடவே போகட்டும். அது இல்லாமல்தான் பாதிச் சாமான் திரும்பிப் போகிறது.

பட்டறைக்காரர்களுக்கு ஒரு சொல்: உத்யம் பதிவு எண்ணை (சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு எண்ணை) இன்வாய்ஸிலேயே அச்சிடுங்கள், சரக்கு இறக்கிய நாளில் கையொப்பமும் முத்திரையும் உள்ள செலான் நகலை வாங்காமல் வண்டியைத் திருப்பாதீர்கள். பின்னால் நாள் எண்ணும்போது அந்த நகல் இருந்தால்தான் பேச முடியும்.

அறிகுறி: ஸ்டோர்ஸ் நிரம்பி வழிகிறது, கேட்டது மட்டும் இல்லை

மூன்று வருடமாக அசையாதவற்றைப் பட்டியலெடுத்து மூன்றாகப் பிரியுங்கள். காத்திருப்பதற்காகவே வாங்கிய முக்கிய உதிரிபாகம் அப்படியே இருக்கட்டும். இயந்திரம் இன்னும் ஓடுகிறது, ஆனால் தேவைக்கு மேல் இருக்கிறது என்றால், மீதியை மற்றச் சுரங்கங்களுக்குக் கேட்டுப் பாருங்கள். இயந்திரமே கழிக்கப்பட்டுவிட்டது என்றால் ஏலத்துக்கு அனுப்புங்கள். எந்த வகை என்பதை ஸ்டோர்ஸ் தனியாக முடிவுசெய்யக் கூடாது, அந்த இயந்திரத்தைப் பராமரிக்கும் பொறியாளர் ஒவ்வொரு வரிக்கும் எதிரே கையெழுத்திட வேண்டும்.